குழாயில் மிளகுத்தூள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நர்ஸ் திட்டியதிலிருந்து கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நண்பனைப் பார்க்கப் போனவன், அறை எண்ணை மறந்துவிட்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். ஏதோ ஓர் அறையிலிருந்து நர்ஸின் குரல் வந்தது: "யாரு இந்தக் குழாய்ல மிளகுத்தூள் போட்டது?"

நண்பனை மறந்தேன். அவனுக்கு வாங்கிய ஆப்பிள்களை நானே கடித்துக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு ஏது வெட்கம்? அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய்..." (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்குகிறவன் உங்களை அழவைக்காமல் விடமாட்டான்.)

இரண்டாவது: "கண்ணீர் வழிய அவள் கணவரின் கையைப் பற்றிக்கொண்டு" (பாதியில் நிறுத்தினேன். அழுகிறவளாக வரமாட்டேன் என்கிறாள். குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டே தெருவின் வம்பையெல்லாம் அலசுகிற தையல்காரம்மா அவள்.)

மூன்றாவது சுமார்தான், இருக்கட்டும். லாரி ஓட்டி ஓய்ந்த ஒருவருக்கு மூளையில் ரத்தம் கட்டி, பேச்சும் போயிற்று, விழுங்குவதும் போயிற்று. வாயில் ஊட்டினால் நுரையீரலுக்குள் இறங்குகிறது. ஆகவே மூக்கு வழியாக இரைப்பைவரை குழாய் விட்டு, டப்பா சத்துமாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். லாரிக்காரரோ கை எட்டும்போதெல்லாம் குழாயைப் பிடுங்கி எறிகிறார். அதனால் கைகளில் தடித்த உறை மாட்டிக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் அவர் மனைவி, நம் தையல்காரம்மா.

3

லாரிக்காரர் சாலையோரக் கடைகளிலெல்லாம் சாப்பிட்டு நாக்கு கண்டவர். வீட்டுச் சாப்பாட்டில் முதல் வாய் வைத்ததுமே உப்பு கம்மி என்பார். சரியாக இருந்தாலும் சொல்வார். அந்தப் பயத்தில் ருசி பார்க்காமல் அவள் அவருக்கு எதையும் வைத்ததில்லை. இங்கேயும் கை சும்மா இருக்கவில்லை. கரைத்த சத்துமாவில் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. நர்ஸ் தலை மறைந்ததும் கைப்பையிலிருந்து உப்பையும் மிளகுத்தூளையும் எடுத்துக் கலக்கிவிட்டாள். குழாய் அடைத்துக்கொண்டது.

(குறிப்பு: யாரும் முயன்று பார்க்க வேண்டாம். நோயாளிக்கு நிஜமாகவே ஆபத்து.)

நர்ஸ் கத்தி முடித்துவிட்டு, மனம் கேட்காமல் தணிந்த குரலில் சொன்னாள்: "குழாய்க்கு நாக்கு இல்லம்மா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வயிறு நிறைந்துகொண்டிருந்ததே தவிர, மனுஷன் இத்தனை நாளாக எதையுமே சாப்பிடவில்லை.

4

டாக்டரம்மா அவளையும் மகனையும் கூப்பிட்டுப் பேசினார். மூக்குக் குழாய் நீண்ட நாளைக்கு ஆகாது. வயிற்றில் துளையிட்டு நேராகக் குழாய் வைக்கலாம். அல்லது குழாயே வேண்டாமென்று எடுத்துவிட்டு, வலி தெரியாமல் பார்த்துக்கொண்டு, ஆசைக்கு ஒரு கரண்டி நுனியில் எதையாவது வாயில் வைக்கலாம். அப்படிச் செய்தால் நாட்கள் குறையும். எது செய்தாலும் பழைய ஆள் திரும்ப மாட்டார். சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்.

"அப்பாவைப் பட்டினி போடச் சொல்றீங்களா?" என்றான் மகன்.

மூச்சு மிஷின் மாதிரி இதுவும் சிகிச்சைதான், வேண்டும் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம் என்றார் டாக்டர்.

(இங்கே கொஞ்சம் கட்டுரை. குழாயில் ஊற்றுகிற அந்தச் சத்துமாவு சோறா, மருந்தா? சோறென்றால் நிறுத்துவது பாவம். மருந்தென்றால் நிறுத்துவது ஒரு முடிவு, அவ்வளவுதான். மெத்தப் படித்தவர்களும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். நானும் முட்டிக்கொண்டேன், இன்னும் வீக்கம் வடியவில்லை.)

மகனை வில்லனாக்கிவிட்டால் வேலை சுலபம் என்று பார்த்தேன். ஆனால் அவன் தினமும் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுகிறான், மூக்கருகே ஒட்டிய பிளாஸ்திரியைச் சுற்றி ரேசரை வளைத்து வளைத்து. இவனை எப்படி வில்லனாக்குவது? அப்பா குழாயைப் பிடுங்குவது வெறும் அரிப்பு என்கிறான். வைத்த தட்டை ஒருநாளும் தள்ளாத மனுஷன் இதைத் தள்ளுகிறாரே என்கிறாள் தாய். இரண்டுமே எனக்குச் சரியாகப் படுகிறது. கதாசிரியனுக்கு இதைவிடக் கஷ்டகாலம் வேண்டாம்.

5

முடிவுகளை அடுக்கிப் பார்த்தேன்.

துளையிட்டுக் குழாய் வைக்கிறார்கள், வீட்டுக்குப் போகிறார், நெடுநாள் இருக்கிறார், கூரையையே பார்த்துக்கொண்டு. (மகன் நிம்மதியாகத் தூங்குவான். அவர்?)

குழாயை எடுக்கிறார்கள், ஒரு துளித் தேனைச் சப்புக்கொட்டிவிட்டுச் சிரித்த முகமாகப் போகிறார். (சிரித்த முகமாகச் சாவதெல்லாம் கதையில்தான். நுரையீரலில் இறங்கினால் இருமலே ஆளைக் கொல்லும்.)

கண் விழித்து, உப்பு கம்மி என்கிறார். (எழுதியேவிட்டேன். கைதட்டல் நிச்சயம். மறுபடி படித்தபோது கூச்சமாகிக் கிழித்துவிட்டேன்.)

சரி, முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன் என்று

6

எழுதவிடவில்லை அவள்.

"எம்புருஷனை முகம் தெரியாதவங்க கையில குடுப்பீங்களா?" என்றாள். "ஆளாளுக்குப் பேசுறீங்க. அவர்கிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா? பேச்சுதானே போச்சு, காதும் கையும் இருக்குல்ல?"

மகனை வெளியே போகச் சொன்னாள். நர்ஸையும் சொன்னாள். கையில் பேனாவோடு நின்ற என்னையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறைதான். கதவுச் சந்து வழியாக நான் கண்டது இவ்வளவுதான்: வலது கையின் கட்டை அவிழ்த்தாள், உறையைக் கழற்றினாள், அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

வெகுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. மகன் எழுந்தான். அவன் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு டாக்டரின் அறைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சொன்னாரு," என்றாள். "உங்ககிட்ட சொல்லச் சொல்லல."

டாக்டரின் அறைக் கதவும் மூடிக்கொண்டது. உள்ளே அவள்தான் பேசுகிறாள். குரல் நடுங்குகிறது, ஆனால் நிற்கவில்லை. கதவு ஒன்றும் கனமானதில்லை, காதை வைத்தால் கேட்டுவிடும். எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் வேண்டுமானால் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு வார்த்தை: கேட்டுவிட்டால், அதை என்னிடம் சொல்ல வராதீர்கள்.