பிம்மின் வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது

...ப்ளக்காக இருக்க முடியாது, போன வாரம்தான் நான்கையும் என் கையாலேயே மாற்றினேன், பெட்ரோலும் நேற்றுப் போட்டது, நேற்று மதியம் வரை இந்த எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்று காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும், இன்று காலை சாவியைத் திருப்பியதும் குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி உடம்பெல்லாம் நடுங்குகிறது, மூன்று அடி அடித்துவிட்டு நாலாவதை விழுங்குகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடுவேன் என்று மிரட்டல் வேறு... மகள் பிம் ரயோங்குக்குக் கிளம்புகிற நாள் பார்த்தா, உனக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அதனிடமே கேட்கிறேன், கேட்கும்போதே உள்ளே எங்கோ ஓர் ஓரத்தில் சந்தோஷமாக இருக்கிறது, கொஞ்சமில்லை, நன்றாகவே இருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பேனரைத் துடைக்கிறேன், சுத்தமாக இருக்கிற ஸ்பேனரை.

மத்தியானத்துக்குள் கிளம்பினால்தான் ராத்திரிக்குள் போய்ச் சேருவாள், நாளைக் காலை அங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர வேண்டும், ரயோங் எங்கே, இந்த ப்ரே எங்கே, நாட்டின் வடக்குக் கோடியில் பிறந்தவளுக்குக் கடற்கரையில் என்ன வேலை, இங்கே யாருக்கும் ரத்தம் ஓடவில்லையா, எடுத்துச் சோதிக்க... இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அது வேறு விஷயம், நான் ஒன்றுமே சொல்லவில்லை, ஒரு மாதமாக போகாதே என்றும் சொல்லவில்லை போயிட்டு வா என்றும் சொல்லவில்லை, வண்டியை மட்டும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன், பிரேக் மாற்றினேன், பெல்ட் மாற்றினேன், அவள் வந்து பக்கத்தில் நின்றபோதெல்லாம் டார்ச்சைப் பிடி என்றேன், பிடித்தாள், அவளும் வேறெதுவும் பேசவில்லை. போவதற்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். எதிர்க்கடையில் நூடுல்ஸ் போடுகிற கேவ் கரண்டியோடு சாலையைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தாள், "என்ன தோங்கம் அண்ணே, ஊரு வண்டியெல்லாம் ஓட வைக்கிறீங்க, சொந்த மகளோடது மட்டும் நொண்டுது, நீங்களே எதையாச்சும் கழட்டி ஒளிச்சு வச்சிட்டீங்களா?" போ போ, உன் சூப் பொங்குது என்றேன், சிரித்துக்கொண்டே போனாள், அவள் போன பிறகு நான் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன், தூக்கத்தில் எழுந்து வந்து எதையாவது தளர்த்திவிட்டேனா என்று, அப்படியும் மனிதர்கள் செய்வதுண்டு, என்னை எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

சரி, ஒழுங்காகப் பார்ப்போம், முதலில் காற்று, எங்காவது குழாயில் வெடிப்பு விட்டுக் காற்றை இழுத்தாலும் நின்றபடி ஓடும்போது எஞ்சின் இப்படித்தான் தள்ளாடும், ஸ்ப்ரேயை எடுத்துக் குழாய் நெடுக அடித்தேன், சத்தத்தில் மாற்றம் இல்லை, அப்படியானால் கோளாறு காற்றில் இல்லை. அப்புறம் நெருப்பு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற ஒவ்வொரு காயிலின் வயரையும் பிடுங்கிப் பார்ப்பது, நல்ல சிலிண்டராக இருந்தால் பிடுங்கியதும் எஞ்சின் இன்னும் மோசமாகத் திணறும், அதாவது ஐயோ என்னை விடு என்று கத்துகிறது, கத்துகிறவன் உயிரோடு இருக்கிறான், ஒன்றாவது கத்தியது, இரண்டாவது கத்தியது, மூன்றாவதைப் பிடுங்கினேன்... ஒன்றுமில்லை, அதே நடுக்கம், கூடவும் இல்லை குறையவும் இல்லை, அடப்பாவி நீதானா, வீட்டிலும் அப்படித்தான், சண்டை போடுகிறவர்களைப் பற்றிக் கவலை இல்லை, பிடுங்கினாலும் சத்தம் போடாமல் இருக்கிறவர்களைத்தான் பார்க்க வேண்டும், இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், வண்டியைப் பற்றித்தான். எஞ்சினை அணைத்தேன். காயிலின் போல்ட்டைக் கழற்றும்போதே அந்தக் கெட்ட எண்ணம் வந்துவிட்டது, காயில் போய்விட்டது, புதுசு ச்சியாங் மாயிலிருந்துதான் வர வேண்டும், இரண்டு நாள் ஆகும், மூன்று நாள் கூட ஆகலாம் என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள், என் ஷெட்டில் என் பேச்சுத்தானே, ஆஸ்பத்திரியில் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள், அவள் கொஞ்சம் அழுவாள், அப்புறம் சாப்பிடுவாள்... சே, என்ன அப்பன் நீ. காயிலை மேலே உருவினேன், நுனியில் தண்ணீர் சொட்டியது.

தண்ணீர் எப்படி வரும், இது மழைக்காலம் இல்லை, நேற்று நான் எஞ்சினைக் கழுவவும் இல்லை, டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன், ப்ளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் மஞ்சளாகத் தேங்கியிருக்கிறது, ஒரு நூல்போலச் சிவப்புப் பூவிதழ், ஒரு கறுப்புத் துணுக்கு, விரலை விட்டு முகர்ந்தேன்... சீயக்காய். சுட்ட சீயக்காயும் மஞ்சளும் போட்ட தண்ணீர், புது வருஷத்துக்குப் பெரியவர்கள் கையில் ஊற்றுவோமே, கெட்டது போகட்டும் என்று தலையில் தெளிப்போமே, அதே தண்ணீர், அது எதற்கு இங்கே மூன்றாவது சிலிண்டரின் தலையில். நேற்று மாலை தாயும் மகளும் வண்டிக்கு ஆசி வாங்க அதை விகாரைக்கு ஓட்டிக்கொண்டு போனது தெரியும், திரும்பி வரும்போது ஸ்டியரிங்கில் வெள்ளை நூல், கூரையில் மாவுப் பொட்டு, கண்ணாடியில் மல்லிகை, அது எல்லா வண்டிக்கும் நடப்பது, ஆனால் பிக்கு வெளியேதானே தெளிப்பார், பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குள் ஊற்றியது யார் வேலை, வேறு யார், என் மனைவி சேங்தாவாகத்தான் இருக்கும், எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள்.

சேங்தா என்று கத்தினேன், கையில் சோற்றுப் பருக்கையோடு வந்தாள், வழிக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நீ எஞ்சினையும் குளிப்பாட்டினாயா என்று கேட்டேன். "நானா? நூல் கட்டச் சொன்னதோட என் வேலை முடிஞ்சுது பிம் அப்பா. உங்க பொண்ணுதான் பானெட்டத் தொறந்து, இங்கயும் தெளிங்க சாமின்னு நின்னா. அவரு ரெண்டு சொட்டுத் தெளிச்சாரு, பத்தாதாம், கிண்ணத்தையே வாங்கிக் கவுத்துட்டா. மேல இருக்கறதெல்லாம் தகரம் சாமி, உள்ள இருக்கறதுதான் வண்டின்னு எங்கப்பா சொல்லுவாருன்னு அவர்கிட்டயே பாடம் வேற. பெரிய பிக்கு சிரிச்சுட்டாரு." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "கெட்டுப்போச்சா?" என்றாள். காயிலின் ரப்பர் வெடித்திருக்கிறது, அதன் வழியாக இறங்கிவிட்டது, வேறொன்றுமில்லை, காயவைத்தால் போதும்... நான் இதைச் சொல்லிவிட்ட பிறகுதான் உறைத்தது, ச்சியாங் மாய் பொய்யை இனிமேல் சொல்ல முடியாது.

பிம்மா, பிம் இப்படிச் செய்தாளா, வீட்டைக் காக்கிற ஆவிக்குப் படையலாக வைத்த சிவப்பு சோடாவைச் சின்ன வயதிலேயே எடுத்துக் குடித்துவிட்டு ஆவிக்கு இன்னைக்குத் தாகம் இல்லையாம் என்றவள், தாயத்தைக் கட்டினால் வியர்க்கிறது என்று கழற்றி ஆணியில் மாட்டுகிறவள், கிண்ணத்தோடு கவிழ்த்திருக்கிறாள் என்றால்... காற்றுக் குழாயை எடுத்துக் குழியிலிருந்த தண்ணீரை முதலில் ஊதி வெளியேற்றினேன், அதற்குமுன் ப்ளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும், என் முகத்திலேயே தெறித்தது, துடைக்கவில்லை, இருக்கட்டும், எனக்கும் கெட்டது போகட்டும், ப்ளக்கைக் கழற்றித் துணியால் ஒற்றினேன், டப்பாவில் தேடி ஒரு நல்ல ரப்பரைக் காயிலுக்கு மாட்டினேன், எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது, அப்புறம் பட்டுப்போல ஓடியது, தண்ணீர் டம்ளரை மேலே வைத்தால் அலுங்காது, என் கண்ணே, என் ராஜாத்தி, இவ்வளவு அழகாக ஓடாதே, கொஞ்சமாவது முரண்டு பிடியேன். பயந்திருக்கிறாள், அதுதான் விஷயம், என் மகள் பயந்திருக்கிறாள், ஒரு மாதமாக டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றபோதெல்லாம் பயந்துகொண்டுதான் நின்றிருக்கிறாள், நான் அவள் கையைப் பார்க்கவில்லை, டார்ச் காட்டிய இடத்தைத்தான் பார்த்தேன்.

பெட்டியோடு வந்தாள். பின் சீட்டில் வைத்தாள், அம்மா கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை முன் சீட்டில் வைத்தாள், ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தவில்லை. "ரெடியாப்பா?" "ரெடிம்மா. மஞ்சத் தண்ணிய வடிச்சாச்சு." தலையைக் குனிந்துகொண்டாள், காது சிவந்துவிட்டது, அம்மா சொல்லிட்டாங்களா என்றாள், கியரில் கை வைக்கவில்லை. இரண்டு பேரும் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தோம், இப்படி ஓர் ஓட்டத்தை நானே என் வாழ்நாளில் சில தடவைதான் கேட்டிருப்பேன். "இன்னும் லேசா ஆடுது இல்லப்பா?" என்றாள், என்னைப் பார்க்காமல். ஆடவில்லை. என் மகள், என் ஷெட்டில் வளர்ந்தவள், தெருமுனையில் வரும்போதே எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லக்கூடியவள், அவளுக்குத் தெரியாதா ஆடவில்லை என்று... "எங்க, பாப்போம்," என்று சொல்லிவிட்டு மறுபடி பானெட்டைத் திறந்தேன், திறந்துவிட்டேன், பார்ப்பதற்கு உள்ளே ஒன்றுமில்லை, எல்லாம் அதனதன் இடத்தில் ஓடுகிறது, அவளும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள், வழக்கம்போல டார்ச்சை எடுத்துப் பிடித்தாள், பட்டப்பகலில். இவ்வளவு நாளும் அவள் போய்த்தான் தீருவாள், என் சொல்லால் ஆவது ஒன்றுமில்லை என்று நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், அது எவ்வளவு சுலபமாக இருந்தது... இப்போது நான் 'இரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவாள்.