மிச்சம் வைத்த சிரிப்பு

ட்ரெய்லர் வெட்டிக் கொடுப்பதுதான் அவளுக்குத் தொழில். எத்தனை மட்டமான படத்தைக் கொடுத்தாலும் இரண்டு நிமிடத்துக்கு உருப்படியான சரக்கைத் தேற்றிவிடுவாள். அதை நம்பி வந்தவர்கள் வெளியே போகும்போது யாரைத் திட்டுவார்கள் என்று யோசித்து யோசித்து அலுத்துப்போயிருந்தாள்.

இந்த முறை படம் அக்காவின் கணவருடையது. ஏற்கெனவே இரண்டு படம் ஊற்றிக்கொண்ட இயக்குநர்; இதுவும் போனால் அவரை ஒருவரும் சீண்டமாட்டார்கள். நகைச்சுவைப் படம் என்று பெயர். சலித்ததில் தேறியவை நாலே சிரிப்பு.

"நல்லதா இருக்கிறதை எல்லாம் போட்டுடும்மா. ஜனங்க உள்ள வந்தாப் போதும்," என்றுவிட்டார் தயாரிப்பாளர்.

மாமா எடிட்டிங் அறைக்கே வந்து கையைப் பிசைந்தார். "குடை சீனை மட்டும் விட்டுடும்மா. அதை தியேட்டர்லதான் முதல்ல பாக்கணும். கூரை பிச்சுக்கும் பாரு!"

கொட்டுகிற மழையில் ஒருவன் இரவல் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான். கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வருகிறான். அவ்வளவுதான். அது அவளுடைய நாலில் சேரவே இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மனிதர் தூங்கிப் பல நாளான முகத்தோடு நின்றார். பாவம், மனசைக் கெடுப்பானேன்?

"சரி மாமா, விட்டுடறேன்."

"உன்னை மாதிரி மச்சினி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்," என்றார்.

முதல் காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. நாலு சிரிப்பும் ஒவ்வொன்றாக வந்தன. ட்ரெய்லரில் கேட்டுக் கேட்டுப் பழகிய வசனங்களை ஜனங்களே முந்திக்கொண்டு சொன்னார்கள், சிரிக்கத்தான் இல்லை. மாமா அசரவில்லை. "இரு, குடை வரட்டும்," என்று அக்காவின் காதைக் கடித்தார்.

குடை வந்தது. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். மாமா மட்டும் பலமாகச் சிரித்தார். துணைக்கு ஆள் சேராததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். நீயாவது சிரியேன் என்பதுபோல் அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

இறங்கும்போது படிக்கட்டில் மாமா அவளை நிறுத்தினார். "அந்த ஒரு சீனுக்காகத் தயாரிப்பாளர்கிட்ட எவ்வளவு மல்லுக்கட்டினியோ! எல்லாம் வீணாப்போச்சேம்மா."

இனியும் பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "நான் யார்கிட்டயும் சண்டை போடல மாமா. அந்த சீனை யாருமே கேக்கல."

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் மெதுவாக. "படத்திலேயும் வெட்டியிருப்பேனே."