அரசாங்க மேசையில் ஒரு இன்டர்வியூ

டீச்சருக்கு இதுவரை நான்கு பள்ளிக்கூடங்கள் பிரிவுபசார விழா நடத்திவிட்டன. நான்கும் சுவர்க்கடிகாரம் கொடுத்தன. பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டவளுக்கு நேரம் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ! பிள்ளைகளின் பெயரெல்லாம் மனதில் பதிந்து, வகுப்பு ஒரு வழிக்கு வரும் சமயம் பார்த்துப் புருஷன் மாற்றல் உத்தரவோடு வந்து நிற்பார். "கிளம்பு" என்பார். அவளும் கிளம்புவாள்.

நான்காவது கடிகாரத்தோடு வீட்டுக்கு வந்த அன்று, இனிமேல் பெட்டியில் போட்டு எடுத்துப்போகக்கூடிய வேலைதான் வேலை என்று முடிவு கட்டினாள். தையல் கடை போடலாமா என்று யோசித்தாள். ஊருக்கு ஊர் புதிதாக ஆள் பிடிப்பதற்குள் அடுத்த மாற்றல் வந்துவிடும். டியூஷனும் அதே கதைதான். கடைசியில் ஐ.டி. என்றாள். "கம்ப்யூட்டரா? நீங்களா அண்ணி?" என்று நாத்தனார் போனில் சிரித்த சிரிப்பில்தான் அவளுக்குப் பாதிப் பிடிவாதம் பிறந்தது. வீட்டிலிருந்தபடியே சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்தாள். அடுத்தவர் எழுதிய புரோகிராமை நோண்டி நோண்டி, எங்கே தப்பு என்று சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களாம். இத்தனை காலம் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு அவள் வேறென்ன செய்தாள்?

படிப்பு முடிந்தது, வேலைதான் கிடைக்கவில்லை. இரண்டு கம்பெனிகள், வீட்டுக்காரர் பட்டாளம் என்று கேட்டதுமே "சொல்லி அனுப்பறோம்" என்றன. இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. மூன்றாவது கம்பெனி வீடியோவில் இன்டர்வியூ வைத்தபோது டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"முடியற வரைக்கும் நீங்க அந்தப் பக்கமே வரக்கூடாது. யூனிஃபார்ம் கண்ணுல பட்டுச்சோ, என் வேலைக்குச் சங்குதான்."

"நான் எதுக்கு வர்றேன்? எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு" என்றார் அவர்.

ஆயிரத்தில் ஒன்று, குவார்ட்டர்ஸை ஒப்படைப்பது. ஐந்தாவது மாற்றல் வந்தாயிற்று. குவார்ட்டர்ஸில் மேசை, நாற்காலி, பல்பு எல்லாமே அரசாங்கச் சொத்து. காலி செய்கிற அன்று சாமான் கிளார்க் வந்து சரிபார்த்து எடுத்துக்கொண்டு போவார். மத்தியானம் வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் எதையும் முன்கூட்டியே முடித்தால்தான் புருஷனுக்குத் தூக்கம் வரும். காலையிலேயே வந்துவிடச் சொல்லிக் கிளார்க்குக்குப் போன் போட்டுவிட்டார். இன்டர்வியூவும் அதே நாள் காலையில்தான் என்பது அந்த வீரருக்கு மறந்தே போயிற்று.

திரையில் மேனேஜரம்மா முதல் கேள்வியைக் கேட்பதற்குள் கிளார்க் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்துவிட்டார். டீச்சர் பார்வையாலேயே எரித்தாள். அதற்கெல்லாம் எரிகிற ஆளா அவர்? "மேசை ஒண்ணு" என்று கிசுகிசுத்தார். டீச்சர் பதில் சொல்லிக்கொண்டே லேப்டாப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மேசை போயிற்று. "நாற்காலி ஒண்ணு." எழுந்து நின்றாள். நாற்காலியும் போயிற்று. "இப்ப ஒரு புரோகிராம் அனுப்பறேன், தப்பு எங்கேன்னு கண்டுபிடிங்க" என்றார் மேனேஜரம்மா. ஒரு கையில் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு மறு கையால் எதைத் தட்டுவது? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் புருஷன் எட்டிப் பார்த்தார். செய்த காரியம் உறைத்தது. வாயைத் திறக்காமல் பூனை போல் வந்து, லேப்டாப்பை இரண்டு கைகளிலும் வாங்கி, திரைக்குப் பின்னால் மறைந்து விறைப்பாக நின்றுவிட்டார். அசைவில்லை. அரசாங்க மேசைக்கே ஒரு கால் குட்டை. இது அதைவிடத் தேவலாம்.

டீச்சர் கடகடவென்று தட்டினாள். தப்புகள் ஒவ்வொன்றாக மாட்டின. மேனேஜரம்மாவின் முகத்தில் திருப்தி தெரிந்தது. அடுத்து வந்தது வில்லங்கமான கேள்வி.

"நாலு வேலையை விட்டிருக்கீங்க. எதுலயும் நிலைச்சு இருக்க மாட்டீங்களா?"

குடும்பச் சூழ்நிலை என்று மழுப்புவதாகத்தான் இருந்தாள். மேசையும் நாற்காலியும் போன வெற்று அறையில் நின்றுகொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நானா விடலை மேடம். என் வீட்டுக்காரர் பட்டாளத்துல இருக்கார். ஒவ்வொரு தடவையும் ராஜினாமா எழுதிட்டு, பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். அப்புறம் வெளிய வந்து மூட்டை கட்டுவேன். அவர் வேலையைக் குறை சொல்லலை. ஆனா எனக்கும் ஒரு வேலை பிடிச்சுப்போகும் இல்லையா? இன்னைக்கும் ஊர் மாறப்போறோம். ஒரே ஊர்ல இருக்கற ஆள்தான் வேணும்னா, அது நான் இல்ல. எந்த ஊர்ல இருந்தாலும் ஒழுங்கா வேலை செய்யற ஆள் வேணும்னா, அது நான்தான்."

மேனேஜரம்மா கண்களைச் சுருக்கினார். "படம் ஆடுதே. நெட்வொர்க் சரியில்லையா?"

"நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு மேடம். மேசைதான் ஆடுது."

"மேசையைக் கொஞ்சம் காட்டுங்க, பார்க்கலாம்."

இனி மறைக்க என்ன இருக்கிறது? டீச்சர் லேப்டாப்பை அப்படியே புருஷன் பக்கம் திருப்பினாள். கலங்கிய கண்களும் முழு யூனிஃபார்முமாக நின்றவர், சல்யூட் அடிக்கக் கை இல்லாமல், "குட் மார்னிங் மேடம்!" என்று மைதானமே அதிரும் குரலில் முழங்கினார். கிளார்க் கையிலிருந்த பல்பு நழுவி உடைந்தது.

மேனேஜரம்மா சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. "சார், புது ஊருக்குப் போனதும் முதல்ல ஒரு மேசை வாங்கிப் போடுங்க. திங்கட்கிழமை இவங்களுக்கு ஆபீஸ்."

திரை அணைந்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.

"குழாயைத் திறந்துவிட்டு அழுதியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

"நீங்க ஒரு இடத்துல நின்னு நான் பேசறதைக் கேட்டது இன்னைக்குத்தான்" என்றாள் டீச்சர்.