ஒரு சுருதி இறக்கும் நேரம்

செவ்வந்தியை வரச் சொன்னதே லோகப்பிரியாதான்.

கல்யாண மேடைகளில் கணவன் கிருபாசங்கரோடு ஆறு வருஷம் ஜோடிப் பாட்டுப் பாடியவள் லோகப்பிரியா. ஆவணி முகூர்த்தங்களுக்கு ஏழு கச்சேரி ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலோ மாசியிலேயே போய்விட்டது. குரல்நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்று அறுத்தெடுத்தார்கள். அறுத்த இடம் வடுவாகிப்போனது. "எட்டாத இடத்துல வருஷக்கணக்கா பலவந்தமா பாடியிருக்கீங்கம்மா. பேசலாம். பாட்டை மறந்துருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சும் பாதி காற்றாகத்தான் வந்தது. பக்கத்தில் நின்றால் கேட்கும். அடுத்த அறைக்குப் போகாது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி செவ்வந்தி வந்தாள். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, விடுமுறை நாளில் பாட்டு.

"ஈரோட்டுல எங்க மாமன் பொண்ணு கல்யாணத்துல நீங்க பாடினதைக் கேட்டிருக்கறனுங்க அக்கா. உங்க எடத்துல வந்து நிக்கறதுக்குக் கூச்சமா இருக்குதுங்க."

"நிக்கத்தான கண்ணு கூப்பிட்டேன்? மேல போ, அவரு பாட்டு ரூம்லதான் இருக்காரு. காப்பி கொண்டாறேன்."

"சக்கரை கம்மியாப் போடுங்க."

"இப்பவே இத்தனை கண்டிசனா? அவரு பாடு சிரமந்தான்."

செவ்வந்தி சிரித்துக்கொண்டே மாடியேறினாள். நல்ல பெண் என்று லோகப்பிரியாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் கொஞ்சம் வலியும் இருந்தது.

அவள் தட்டோடு மாடிக்குப் போனபோது, அந்தப் பழைய சினிமா ஜோடிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய கச்சேரி எப்போதும் அதில்தான் முடியும். சரணத்தின் மூன்றாவது வரியில் செவ்வந்தியின் குரல் கீறியது. லோகப்பிரியாவுக்கும் அதே வரியில்தான் கீறும்.

செவ்வந்தி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். "சார், இது எனக்கு எட்டலீங்க. கொஞ்சம் இறக்க முடியுங்களா?"

"எவ்வளவு வேணும் அம்மணி?"

"ஒரு சுருதி இறங்குனாப் போதுமுங்க. ரொம்ப வேலையாயிருங்களா?"

"இதுல என்ன வேலை?"

கிருபாசங்கர் கணினிப் பக்கம் திரும்பினான். திரையில் வயலின், புல்லாங்குழல், கிடார், தபேலா எல்லாம் கலர் கலர்ப் பட்டைகளாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்தான்.

"தபேலாவை மட்டும் விட்டுப்போடோணும். அதுல ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு தாளச் சத்தம். அதையும் சேத்து இறக்கினா, தபேலா வர்ற எடத்துல ஜால்ரா அடிக்கும்" என்றான். செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. அவன் அந்தப் பட்டையை விலக்கிவிட்டு, கீழ்நோக்கிய அம்புக்குறியை, அரை அரைச் சுருதியாக, இரண்டு முறை தட்டினான். "அவ்வளவுதான். பாடு."

"அதுக்குள்ளயேங்களா?"

"இது ரெக்கார்டு பண்ணின சத்தமில்ல பாரு. கீபோர்டுல எந்தக் கட்டையை எப்ப அமுக்கினேங்கற குறிப்பு மட்டுந்தான் உள்ள இருக்குது. குறிப்பை மொத்தமா கீழ தள்ளினா, வாத்தியமெல்லாம் தள்ளின எடத்துல வாசிச்சுக்கும்."

பாட்டு மறுபடி ஓடியது. மூன்றாவது வரியைச் செவ்வந்தி கீறாமல் தாண்டிப் போனாள்.

லோகப்பிரியா தட்டைப் பெஞ்சின் மேல் வைத்தாள். ஒரு டம்ளர் சாய்ந்து காப்பி சிந்தியது. அவள் துடைக்கவில்லை.

அவள் கேட்காமலா இருந்தாள்? முதல் வருஷமே கேட்டாள். "மாத்தினா எல்லா வாத்தியத்தையும் முதல்ல இருந்து வாசிக்கோணும் லோகு. ஒரு பாட்டுக்கு நாலு நாளாகும்" என்றான். கீபோர்டில் அதற்கென்று ஒரு பட்டன் உண்டே என்று கேட்டதற்கு, "அது வேற, இது வேற" என்றான். போன வருஷம் திருப்பூர்க் கச்சேரி முடிந்து காரில் எச்சிலோடு ரத்தம் வந்தபோதும் கேட்டாள். "இந்த சீசன் போகட்டும்" என்றான். ராத்திரி பகலாக உட்கார்ந்து வாசிக்கிற மனுஷனை இன்னும் நாலு நாள் உட்கார வைப்பதா என்று, பாவம் பார்த்து அவள்தான் வாயை மூடிக்கொண்டாள்.

செவ்வந்தி மத்தியானம் கிளம்பிப் போனாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை லோகப்பிரியா காத்திருந்தாள்.

"ஏனுங்க, அது எத்தனை நேரமுங்க?"

"எது?"

"இறக்கறது."

அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "இப்ப புது வெர்சன் வந்திருக்குது. அதுல சுளுவா..."

"எப்ப வந்துச்சு? போன வருசமும் இதே கம்ப்யூட்டர்தானுங்க. நாந்தான் தூசி தட்டி வெச்சேன்."

ஒயர் அவன் கையிலிருந்து அவிழ்ந்து விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பல்லவியில நான் மேல போய் நிக்கறேன் பாரு, அங்கதான் கை தட்டுவாங்க" என்றான் தரையைப் பார்த்து. "இறக்கினா அது சப்புன்னு ஆயிரும். உனக்கு எட்டிரும், எப்படியாச்சும் நீ எட்டிப்போடுவேன்னு நெனச்சேன். உனக்கு இப்படி ஆகும்னு சத்தியமா..."

"இன்னிக்கு மட்டும் இறக்கினீங்க."

"முடியலேன்னா அந்தப் புள்ளை எந்திரிச்சுப் போயிரும் லோகு."

நான் போகமாட்டேன் என்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது என்று லோகப்பிரியா நினைத்தாள். அவனுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காட்டுங்க. எப்படின்னு."

அவன் எழுந்து வந்து காட்டினான். ஒரு தடவை காட்டியதே போதுமாக இருந்தது.

அவர்களிடம் நாற்பத்தொரு பாட்டு இருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள், தேர்ந்தெடுத்தாள், இரண்டு முறை தட்டினாள், பழையதன் மேலேயே சேமித்தாள். ஒன்பதாவது பாட்டில் தபேலாவை விலக்க மறந்துவிட்டாள். எங்கோ ஒரு ஜால்ரா அலறியது. அவன் கை நீட்டினான். அவள் அந்தக் கையை ஒதுக்கிவிட்டுத் தானே சரிசெய்தாள். அவன் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்த சாப்பாடு ஆறிப்போனது. தன் பாட்டுகள் ஒவ்வொன்றும் தாழ்ந்து போவதை அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றையும் தடுக்கவில்லை.

முடிந்தபோது மணி மூன்றேகால். நாற்பத்தொரு பாட்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

லோகப்பிரியா செல்போனை எடுத்துச் செவ்வந்தியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் ரோட்டில் பஸ் சத்தம், ஹார்ன் சத்தம்.

"கண்ணு, பாட்டெல்லாம் இறக்கியாச்சு. இன்னும் எதாச்சும் எட்டலைன்னா..."

"அக்கா, ஒண்ணுமே கேக்கலீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

மறுபடி சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

அவள் செல்போனைக் கிருபாசங்கரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். சொல்ல வேண்டியதை மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாக அவனிடம் சொன்னாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அம்மணி, நாந்தான் பேசறேன். பாட்டு எல்லாத்தையும் அக்கா இறக்கி வெச்சிருக்குது. இன்னும் எட்டலைன்னா அக்காவுக்கு மெசேஜ் போடு." அவள் சொன்னதில் மீதியைச் சொல்லாமல் அவன் நிறுத்தினான்.

லோகப்பிரியா செல்போன் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"என்னைய ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்றான், அந்த நல்ல, தெளிவான குரலில். "நாஞ்சொல்றதை நம்ப வேண்டாம்."