வளைவுக்கு முன்பே எரிந்த விளக்கு

எட்டாவது வளைவில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த லிப்ட், வளைவைத் தாண்டி என்ன இருக்கிறதென்று தெரிவதற்கு முன்பே பிரேக் போட்டான். பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. வளைவில் திரும்பினால், மழை அரித்துப் பாதிச் சாலையைக் காணோம். தெரியாத வழியில் யாரும் அப்படிப் பிரேக் போட மாட்டார்கள்.

லிப்ட் என்பது அவன் பெயரில்லை. அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்ப்பவன் என்பதால் எங்கள் பைக் கூட்டம் வைத்த பெயர். நான் அச்சகத்தில் புரூப் பார்ப்பவன். கூட்டம் மலையேறுவதற்கு முன்னால் போய் வழி பார்த்து வருவது பத்தொன்பது வருடமாக நாங்கள் இருவரும்தான். அவன் முன்னால், நான் பின்னால். அவன் வழி கண்டுபிடிப்பான். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறிப்பேன். அடுத்த மாதம் முப்பது பேர் அந்தக் குறிப்பை நம்பித்தான் வருவார்கள். எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: புது வழி என்றால் இருவரும் சேர்ந்துதான்.

ஒன்பதாவது வளைவுக்கும் விளக்கு முன்கூட்டியே எரிந்தது. பத்தாவதில் ஒரு புதருக்குப் பக்கத்தில் நேராகப் போய் நிறுத்தி, "தண்ணி பிடிச்சுக்கலாம்டா" என்றான். புதருக்குப் பின்னால் குழாய் இருந்தது.

"முன்னாடி இந்தப் பக்கம் வந்திருக்கியா?"

"நானா? சேச்சே."

பொய் சொன்னால் அவன் காது மடலைத் தடவுவான். தடவினான்.

எனக்கு வயிறு எரிந்தது. யாரோடு வந்திருப்பான்? கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர்தான் உடனே ஞாபகத்துக்கு வந்தான். பெரிய பைக், பளபளக்கும் ஜாக்கெட், ஹேண்டில்பாரில் வழி சொல்லும் திரை. "இன்னும் நோட்டுலயா எழுதறீங்க?" என்று அவன் என்னைக் கேட்டபோது லிப்டும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை மூன்று வாரமாக மென்றுகொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், 'என்கூட மட்டும்தான் விளையாடணும்' என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பது வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டதால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

அவன் பாட்டிலோடு குழாயடிக்கு இறங்கியதும் அவன் டேங்க் மேல் இருந்த பையைத் திறந்தேன். தப்புதான். மழைக்கோட்டுக்கு அடியில் ஒரு சின்ன நோட்டு. இதே வழி. வெறும் எண்கள், அம்புக்குறிகள், சின்னப் படங்கள். எட்டாவது வளைவில் பாதிச் சாலை அழிந்த படம், பத்தாவதில் குழாய், பதினொன்றில் கீழே விழுந்து கிடக்கும் ஒரு குச்சி மனிதன். எல்லாம் நான் எழுதும் முறையேதான். கூடவே எனக்குத் தோன்றாத ஒரு கட்டமும் இருந்தது: எந்த வளைவில் எத்தனை மணிக்கு வெயில் கண்ணில் அடிக்கும் என்று. நல்ல யோசனை. அதனாலேயே இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒரே ஒரு பிழை கிடைத்தால் போதும், அவன் முகத்தில் விட்டெறியலாம் என்று என் நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். எட்டாவது வளைவு அதில் 12.1, என்னுடையதிலும் 12.1. குழாய் அதில் 14.7, என்னுடையதிலும் 14.7. புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தது.

அங்கேதான் இடித்தது. என் பைக்கின் மீட்டர் யாரோடும் ஒத்துப்போகாது. முன்சக்கரத்துக்குச் சின்ன டயர் போட்டதிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு முந்நூறு மீட்டர் கூடக் காட்டும். லிப்டின் மீட்டரைக் குனிந்து பார்த்தேன். 14.3. பல் டாக்டர் வந்திருந்தாலும் அதுதான் காட்டியிருக்கும். இந்தக் குழாயடியில் 14.7 காட்டக்கூடிய பைக் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

போன மாதம் இரண்டு நாள் பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கிளட்ச் லீவரின் நுனி தேய்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் காரால் இடித்துவிட்டார் என்று அவரோடு மல்லுக்கு நின்றேன். இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மேலே ஏறி வந்த லிப்ட், என் கையில் நோட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"யாரு எழுதினது?"

காதுக்குப் போன கை பாதியில் இறங்கியது. "உன் பொண்ணுதான்."

"அவளுக்கு யாரு ஓட்டக் கத்துக்குடுத்தா?"

"நான்தான். எங்க குடோனுக்குப் பின்னாடி, ஆறு மாசமா. உன்கிட்ட மூணு தடவை கேட்டாளாமே. பரீட்சை முடியட்டும், பரீட்சை முடியட்டும்னியாம்."

சொன்னேன்தான். பரீட்சை முடிந்து ஒரு வருடமாகிறது.

"சாவி?"

"தங்கச்சிதான் எடுத்துக் குடுத்துச்சு."

அவன் தங்கச்சி என்பது என் மனைவியை. ஆக, வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"அப்புறம் எதுக்குடா ஒண்ணும் தெரியாத மாதிரி என்னைக் கூட்டிட்டு வந்தே?"

"அவதான் சொன்னா. அப்பா எழுதினதோட ஒத்துப் பாருங்க மாமா, எல்லாம் சரியா இருந்தா மட்டும் அவர்கிட்ட சொல்லுங்க, தப்பு இருந்தா மூச்சு விடாதீங்கன்னா."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான், பல் டாக்டர்மேல் இருந்ததைவிடப் பத்து மடங்கு. அவள் முதலில் நடந்தபோது நான் இருந்தேன். சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்திருந்த கையை விட்டவன் நான். முதல் மலையை மட்டும் இவன் தட்டிக்கொண்டு போய்விட்டான். இனி அவள் எத்தனை மலை ஏறினாலும் அது முதல் மலையாகாது.

"எங்க விழுந்தா, காட்டு."

பதினோராவது வளைவுக்குக் கூட்டிப்போனான். ஓரம் முழுக்க உதிர்ந்த ஜல்லி. நான் இறங்கி அங்கேயே நின்றேன்.

"அழுதாளா?"

"அவளா? நான் பதறிக்கிட்டு ஓடினேன். 'வேணாம் மாமா, அப்பா தூக்கறதைப் பார்த்திருக்கேன்'னுட்டு, வண்டிக்கு முதுகைக் குடுத்து உக்காந்து, கால உந்தித் தூக்கி நிறுத்திட்டா. அப்புறம் ஒரே சிரிப்பு."

"எப்படிச் சிரிச்சா?"

"இதென்னடா கேள்வி? சிரிச்சா."

அதைக்கூட ஒழுங்காகப் பார்த்து வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்குப் போய் அது கிடைத்திருக்கிறது. அவள் நோட்டை என் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினேன்.

"அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத்து மலைக்கும் வழி பார்க்கணும் இல்ல?" என்றேன்.

"ஆமா. விடியறப்பவே கிளம்பிடலாம்."

"அவ என் பைக்குல முன்னாடி போகட்டும். நான் உன் பைக்குல பின்னாடி போறேன்."

"சரிதான். அப்ப நான் எதுல வர்றது?"

"நீ எதுக்கு? வழி பார்க்க ரெண்டு பேர் போதும்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான். சிரிப்பு அடங்கியது. கீழே பார்த்து, ஜல்லியைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே, "எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?" என்று கேட்டான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டாவது வளைவிலிருந்து ஹெல்மெட்டுக்குள் நான் வைத்துக்கொண்டு வந்தது அதே முகத்தைத்தான்.