வடக்குவெளிப் பள்ளிக்கூடத்தில் தங்கிப்போன நிழல்கள்

1974ஆம் வருஷம் ஏப்ரல் கடைசி நாளில் வடக்குவெளிப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அதில் படித்த இருபத்து மூன்று பிள்ளைகளும் அன்று வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய நிழல்கள் திரும்பவில்லை. காரைக்காலை அடுத்த நெரவிப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், மழை பெய்த வருஷத்தையும் பொய்த்த வருஷத்தையும் சொல்வதுபோல. பிள்ளைகள் எண்ணிக்கை போதவில்லை என்பது மூடியதற்குக் காரணம். அது ஓராசிரியர் பள்ளிக்கூடம். ஞானமேரி டீச்சர் கோவில்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கிய இடத்திலிருந்து வரப்போடு வரப்பாக நடந்து, பத்தொன்பது வருஷம் அதை நடத்தினாள். அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். பெயருக்கு உரிய பிள்ளை எழுந்து, "நன்றி டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் வாசலைத் தாண்ட வேண்டும். சொல்லாமல் ஓடியவனை மறுநாள் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவாள்.

மூடுவிழாவை ஊர் தடபுடலாகத்தான் செய்தது. மைக்செட், பந்தல், கலர் சோடா எல்லாம் வந்தன. மிராசுதார் சண்முகசுந்தரம் நன்றியுரை சொன்னார். வந்திருந்த அதிகாரிகளுக்கு நன்றி, பந்தல் போட்டவருக்கு நன்றி, மைக்செட் மாரிக்கண்ணுவுக்கு நன்றி, சோடா கொடுத்தவருக்கு நன்றி, மழை வராமல் பார்த்துக்கொண்ட வருண பகவானுக்கும் நன்றி என்று முடித்தார். டீச்சரை மறந்துபோனார். பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு மாப்பிள்ளையை விட்ட கதைதான். கூட்டம் கலைந்தது, பிள்ளைகள் சோடா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலாபக்கமும் ஓடினார்கள், நாலு மணிக்குப் பெயர் கூப்பிட ஒரு பிள்ளையும் இல்லை. டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பிள்ளைகள் ஓடினாலும் நிழல்கள் ஒழுங்காக வளர்ந்தவை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எழுந்திருக்க அவற்றுக்கு மனம் வரவில்லை. பூட்டிய அறைக்குள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுவரில் தலைகள் தெரியும், சிலேட்டில் எழுதும் கைகள் அசையும். ஊரில் முதல் வாரம் அலறல், இரண்டாவது வாரம் வைத்தியம். மாதா கோயில் தீர்த்தமும் அம்மன் கோயில் திருநீறும் மாறி மாறிப் போய்ப் பலனில்லாமல் வந்தன. காரைக்கால் டாக்டர் ஒருவர் இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பழகிவிட்டது. பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும், நிழல் இல்லாத பெண்ணை யார் கட்டுவார்கள் என்று உள்ளுக்குள் புழுங்கினார்கள்.

அந்த இருபத்து மூன்றில் ஒன்று பங்கஜவல்லியின் மகள் அல்லி. ஏழு வயது. பள்ளிக்கூடம் மூடியதால் பிள்ளைகள் வாய்க்காலைத் தாண்டி வேறு ஊருக்குப் படிக்கப் போனார்கள். ஆவணி மாதம், தண்ணீர் இரு கரையும் முட்ட ஓடிய காலையில், பனைமரப் பாலத்தில் அல்லி கால் வழுக்கினாள். உடலை மறுநாள்தான் எடுத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பங்கஜவல்லி பழைய பள்ளிக்கூடத்து ஜன்னலுக்குப் போனாள். முன்வரிசையில் அல்லியின் நிழல் உட்கார்ந்திருந்தது. மூடுவிழா அன்று அவசரத்தில் அவள் பின்னிவிட்ட கோணல் சடை அப்படியே இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகை ரோடு வரைக்கும் கேட்டதாம். அன்றிலிருந்து வயல் வேலைக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று மூன்று வருஷத்துக்கு மேல் பார்த்து வந்தாள். புருஷன் கருப்பையன் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. அவனுக்குத் தைரியமில்லை.

1977 புயலில் கூரை போயிற்று, சுவர் விரிந்தது. எந்த நேரமும் விழும், இடித்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. சுவரோடு நிழலும் போய்விடும் என்றதும் ஊருக்குப் பயம் பிடித்தது. அப்போதுதான் சண்முகசுந்தரத்துக்குத் தன் நன்றியுரையில் விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எல்லோரும் அவரை ஏசினார்கள். டீச்சரைக் கூட்டிவந்து, பெயர் கூப்பிட வைத்து, பிள்ளைகள் நன்றி சொல்லி நிழலை மீட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று.

டீச்சர் வர இருந்த நாளுக்கு முந்தின நாளே பங்கஜவல்லி பஸ் ஏறிக் கோவில்பத்துக்குப் போனாள்.

"நாளைக்கு வராதீங்க டீச்சர்," என்றாள், வாசற்படியில் நின்றபடியே.

"உள்ள வந்து உக்காரும்மா. நான் வராட்டி சுவரோட சேத்து எல்லாமே போயிடுமே?"

"நீங்க வராட்டி ஊரு சுவத்துல கை வைக்காது. மத்த புள்ளைங்களுக்கு ஒடம்பு இருக்கு, போயி ஒட்டிக்கும். என் புள்ள நிழலு எங்க டீச்சர் போவும்? எனக்குன்னு மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதான். ரெண்டாந்தடவையும் சாவக் குடுக்கச் சொல்றீங்களா?"

டீச்சர் பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினாள். "ரிஜிஸ்டர்ல அவ பேருதான் மொதல்ல இருக்கு. அதை விட்டுட்டு, கடைசியாக் கூப்புடுறேன். என்னால ஆனது அவ்வளவுதான் பங்கஜம்," என்றாள்.

1978 தை மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அது நடந்தது. இந்த முறை மைக்செட் இல்லை. கூரையில்லாத அறைக்குள் டீச்சர் போய் நின்றதும், சுவரிலிருந்த நிழல்கள் மொத்தமாக எழுந்து நின்றன. வெளியே இருபத்திரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சிலருக்கு மீசை அரும்பியிருந்தது. "இஞ்ஞாசி" என்று கூப்பிட்டாள். இஞ்ஞாசி, "நன்றி டீச்சர்" என்றான். அவன் நிழல் வாசலைத் தாண்டி வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டது. நாலு வருஷத்துக்கு முந்தைய நிழல் என்பதால் அவனுக்கு அது முழங்கால் உயரம் குட்டையாக இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான், நிழல்கள் வளர்ந்து ஆளைப் பிடிக்க வைகாசி ஆயிற்று. ஜெயமேரி சொல்லும்போது விம்மிவிட்டாள். சவரிநாதன் இரண்டு தடவை சொன்னான்.

இருபத்திரண்டும் முடிந்தபோது சுவரில் ஒரே ஒரு நிழல் நின்றது. டீச்சர் கடைசியாக, "அல்லி" என்றாள். பதில் சொல்ல ஆள் இல்லை. நிழல் வாசலைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, திரும்பவும் வாசலைப் பார்த்தது. எல்லோருக்கும் பின்னால் நின்ற பங்கஜவல்லி, பள்ளிக்கூட வாசலை ஒருநாளும் மிதிக்காதவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து படியேறினாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"நன்றி டீச்சர்," என்றாள்.

நிழல் ஓடி வந்தது. பங்கஜவல்லியின் காலடியில், அவளுடைய நிழலுக்கு இடது பக்கமாக ஒட்டிக்கொண்டது. டீச்சர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். மறுநாளே சுவரை இடித்தார்கள்.

அதன்பின் பங்கஜவல்லி இரண்டு நிழலோடு நடந்தாள். நாற்று நடும்போது சேற்றுத் தண்ணீரில் இரண்டும் குனியும். அமாவாசை அன்று மட்டும், இருட்டில் நிழல் மறைந்துவிடாதிருக்க, விளக்கைச் சீக்கிரம் ஏற்றிவிடுவாள். கருப்பையன் ஒரு மாதம் தலை நிமிராமல் இருந்தான். பிறகு வெயிலில் உட்கார்ந்து, அவள் வரும்போது தள்ளி இடம் கொடுக்கப் பழகினான். மற்றவர்களும் அவள் இடது பக்கம் நடக்காமல், மிதித்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

1981இல் ஒருநாள் நெடுங்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். புது கண்டக்டர். டிக்கெட்டைக் கிழிக்கப் போனவன் தரையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணரையாக்கா?" என்று கேட்டான்.

ஏழு வருஷமாக அந்தப் பிள்ளைக்கு யாரும் டிக்கெட் கேட்டதில்லை.

"ஆமாந் தம்பி, ஒண்ணரைதான்," என்றாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து பிள்ளைக்கு இடம் விட்டான்.