மாப்பிள்ளைக் கலவை

என் வேலை நசுக்குவது. கட்டடத்துக்கு ஊற்றும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து, கட்டிகளாக வார்த்து எங்கள் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அதை இயந்திரத்தில் வைத்து அழுத்துவேன். தாங்கினால் தேறியது. வீட்டில் ஒரு சத்தம் போடத் துணியாதவனுக்கு வாய்த்த உத்தியோகம் இது.

அன்று வந்த கட்டிகள் பிஸ்கட் போல நொறுங்கின. என் மகளின் பள்ளிக்குக் கட்டிக்கொண்டிருக்கும் புது வகுப்பறைகளின் வாசல் தூணுக்கு உரியவை அவை. கட்டுபவர் என் மனைவியின் அண்ணன். இதுவரை அவர் அனுப்பிய ஒரு கட்டிகூடத் தோற்றதில்லை. உடைப்பதற்குள் இயந்திரத்துக்கே மூச்சு வாங்கும்.

போன் செய்தேன். போட்டது போட்டபடி ஓடி வந்தார்.

"மாப்ளே, மேஸ்திரி மாத்தி ஊத்தித் தொலைச்சுட்டான்!"

"எதை மச்சான்?"

"மாப்பிள்ளைக் கலவைய."

விழித்தேன்.

"உங்க லேபுக்குன்னு தனியா கலக்குவோம்ல, சிமெண்ட் தாராளமா போட்டு? வீட்டு மாப்பிள்ளைக்குக் குறை வைக்கலாமா? நாலஞ்சு சைட்டுக்கும் சேர்த்துக் கலக்கி வச்சிருந்தோம். அது மொத்தமும் வாசல் தூணுக்குள்ள போயிடுச்சு. தூணுக்குப் போக வேண்டியது உங்ககிட்ட வந்துடுச்சு."

"அப்போ மத்த தூணெல்லாம்?"

"வழக்கமான கலவைதான்."

"வழக்கம்னா?"

மேஜையில் கிடந்த தூளைக் கண்ணால் காட்டினார்.

இத்தனை வருடமும் நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. கட்டி நல்ல கட்டி, இயந்திரம் நல்ல இயந்திரம், நானும் சுமாராக நல்லவன். கட்டடத்துக்கும் எங்களுக்கும்தான் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"ஏன் மச்சான் இப்படி?"

"வேலை கிடைக்கிறதுக்கே மேல அள்ளிக் குடுத்தாச்சு. கீழ சிமெண்ட்லதானே எடுக்க முடியும்? நான் யோக்கியனா இருந்தா இன்னொருத்தன் வருவான். அவன் தூணே வைக்க மாட்டான்."

"உங்க மருமகளும் அங்கதானே உக்காரப் போறா?"

கொஞ்சம் யோசித்தார். "வாசல் தூண் பக்கமா உக்காரச் சொல்லுங்க."

'தேறவில்லை' என்று எழுதினால் இருப்பதிலேயே நல்ல தூணை இடிப்பார்கள். 'தேறியது' என்று எழுதினால் தூணைப் பொறுத்தவரை உண்மை, கட்டியைப் பொறுத்தவரை பொய், என் மகளின் தலைக்கு மேல் அந்தத் தூள் தாங்கும் கூரை. பேனாவைத் திறந்தேன், மூடினேன், காது குடைந்தேன். கடைசியில், கண்ணால் பார்த்ததை எழுதுவோம் என்று 'தேறவில்லை' என்றே எழுதினேன்.

தூணை இடிக்க உத்தரவு வந்தது. நானும் போய் நின்றேன். பார்வையிட அரசாங்க இன்ஜினியரும் வந்திருந்தார். சம்மட்டியால் அடித்தார்கள், சம்மட்டியின் பிடி முறிந்தது. கடைசியில் மேஸ்திரிக்கு ஒரு யோசனை உதித்தது. வாசல் தூணில் சங்கிலி சுற்றி, மறுமுனையைப் பக்கத்துத் தூணில் கட்டி, சங்கிலியை இறுக்கும் செயின் பிளாக் போட்டு இழுத்தார்கள்.

பக்கத்துத் தூண் இடுப்போடு முறிந்து படுத்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாருமில்லை. வாசல் தூண் அசையவே இல்லை.

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "தேறாத தூண் நிக்குது, தேறுன தூண் விழுது. என்ன மெஷின்யா வச்சிருக்கே?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் வானத்தைப் பார்த்தார். பெற்றவன் மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளைக் கலவை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். 'மேல அள்ளிக் குடுத்தாச்சு' என்ற இடம் வந்ததும் இன்ஜினியருக்குத் தன் ஷூவில் ஒட்டிய மண் திடீரென்று முக்கியமாகிவிட்டது.

வேலை நின்றது. மறுபடி எப்போது தொடங்கும், யார் கட்டுவார், அவர் யாருக்குக் கொடுத்துவிட்டு வருவார், யாருக்கும் தெரியாது. மச்சான் என்னோடு பேசுவதில்லை. மனைவி பேசுகிறாள், சுவரிடம். பள்ளிப் பிள்ளைகள் பழைய ஒழுகும் தகரக் கொட்டகையிலேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று இன்னும் பிடிபடவில்லை.

இன்று காலை மழை. மகள் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஒரு தூணு மட்டும் ஏம்ப்பா விழல?"

"அது தேறாத தூணுடா."

"அப்போ நானும் பரீட்சைல தேறலன்னா பரவால்லியா?"

வகுப்புக்குள் பிடித்துக்கொள்ளக் குடையை எடுத்துக் கொடுத்தேன்.